தகரத்தைத் தூக்கும் காற்று

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் லயத்தில் மழையைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கமாட்டார்கள், தகரத்தைப் பற்றித்தான் கதை. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம், மலையின் விளிம்பில் நீளமாகக் கிடக்கும் பன்னிரண்டு காம்பரா லயம் அது, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகளின் வரிசை. தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் ராத்திரி முழுக்கக் கூரை படபடவென்று அடிக்கும், எந்தத் தகரம் எப்போது போகும் என்று தெரியாமல் பெரியவர்கள் அரைத் தூக்கத்தில் கிடப்பார்கள். நான் தரம் ஐந்து படித்த வருடம் கடைசிக் காம்பராவில் இருந்து இரண்டு தகரம் ஆணியோடு பிய்த்துக்கொண்டு போய், கீழே கொழுந்து மலைக்குள் விழுந்து கிடந்தன. "காத்து உள்ள பூந்து தூக்கிருச்சு" என்றார் தாத்தா. காற்றுப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது, அதனால் அவர் சொன்னது சரிதான். ஆனால் கதவை இறுக மூடி வைத்திருந்த காம்பராவிலும் தகரம் போயிருக்கிறது. அதற்குக் காரணம் கூரைக்கு மேலே நடக்கும் ஒரு விஷயம், விமானம் பறப்பதும் அதே விஷயத்தால்தான்.

முதலில் காற்றுக்கு எடை இருக்கிறது என்பதை நம்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், மனசு மட்டும் ஏற்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, உயரம் எட்டடி என்று வைத்தால் உள்ளே ஏறக்குறைய 27 கனமீட்டர் காற்று. கொழும்பு வெயிலில் அதன் எடை ஏறக்குறைய 32 கிலோ, ஹட்டன் உயரத்தில் 28 கிலோ, நுவரெலியாவில் இருபத்தாறரை. ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பறிக்கிற கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் 18, 20 கிலோ என்று மாறும், அதைவிட வெறும் காம்பராவுக்குள் இருக்கும் காற்றின் எடை அதிகம். இவ்வளவு எடையுள்ள ஒன்றை வேகமாகக் கீழே தள்ளினால் தள்ளுகிறவன் மேலே போவான். விமான இறக்கை செய்கிற வேலை அவ்வளவுதான், நொடிக்கு நொடி டன் கணக்கில் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி விடுகிறது, அந்தக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, வேறு மந்திரம் எதுவும் இல்லை.

மந்திரம் மாதிரி ஒன்றைச் சொல்லித்தந்தது எங்கள் ஏ.எல். (உயர்தர) பௌதிகவியல் வகுப்பில். சேர் கரும்பலகையில் இறக்கையை வெட்டிய மாதிரி ஒரு படம் வரைந்தார், மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. காற்று முன்விளிம்பில் இரண்டாகப் பிரிகிறது, மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றுக்குத் தூரம் குறைவு, இரண்டும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால் மேலே போகும் காற்று வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அமுக்கம் குறையும் என்று பேர்னூலி என்ற கணித அறிஞர் 1738இல் சொல்லிவிட்டார், ஆகவே விமானம் மேலே போகிறது. அழகான கதை, நானும் பரீட்சையில் எழுதினேன், புள்ளியும் வந்தது. ஆனால் அந்த இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் ஏன் சேர வேண்டும்? பிரியும்போது பேசி வைத்துக்கொண்டா பிரிந்தன? காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூண்டில், புகை விட்டுப் பார்த்தால் மேலே போன காற்று கீழே போன காற்றுக்கு முன்னாலேயே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது, காத்திருப்பதே இல்லை. அதோடு சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றன, அவற்றில் பலவற்றின் இறக்கை இரண்டு பக்கமும் ஒரே வளைவு. சேர் சொன்ன கதைப்படி அவை விழுந்திருக்க வேண்டும். பேர்னூலி சொன்னதில் பிழை இல்லை, மேலே வேகம் அதிகம், அமுக்கம் குறைவு என்பதும் உண்மை. வேகம் ஏன் கூடுகிறது என்பதற்குச் சொன்ன காரணம்தான் கட்டுக்கதை.

எனக்கு இது விளங்கியது பஸ்ஸில். ஹட்டனில் இருந்து கினிகத்தேனை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பஸ் திரும்பும்போது நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் வெளிப்பக்கம் சாய்வார்கள். வளைந்து போகிற எதற்கும் வளைவின் உள்பக்கம் நோக்கி ஒரு விசை வேண்டும், பஸ்ஸுக்கு அதை ரோட்டைப் பிடித்திருக்கும் டயர் கொடுக்கிறது. காற்றுக்கு டயர் இல்லை. இறக்கையின் மேல்பக்க வளைவை ஒட்டிக்கொண்டு காற்று வளைந்து போக வேண்டுமானால் வெளியே இருக்கும் அமுக்கம் கூடுதலாகவும் இறக்கையை ஒட்டிய இடத்தில் அமுக்கம் குறைவாகவும் இருந்தால்தான் முடியும், அந்த வித்தியாசம்தான் அதை உள்பக்கம் தள்ளி வளைக்கிறது. அப்படி இறக்கையின் முதுகில் அமுக்கம் குறைந்த இடம் உருவாகிவிட்டால், முன்னால் இருந்து வரும் காற்று அமுக்கம் கூடிய இடத்தில் இருந்து குறைந்த இடத்துக்குப் பாய்கிறது, வேகம் தானாகக் கூடுகிறது. கடைசியில் பின்விளிம்பைச் சரிந்தபடி கீழ்நோக்கி விட்டுப் போகிறது. நியூட்டன் பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டாலும் பேர்னூலி பக்கத்தில் இருந்து போட்டாலும் விடை ஒன்றுதான், இரண்டில் எது சரி என்று சண்டை போடுவது ஒரு மூட்டையைத் தூக்கியது வலது கையா இடது கையா என்று கேட்கிற மாதிரி.

எங்கள் லயத்துக் கூரைக்கும் இதுதான் நடக்கிறது. மலையேறி வந்த காற்று சுவரில் முட்டி, கூரையின் விளிம்பில் மேல்நோக்கி வெட்டித் திரும்பி, தகரத்தின் முதுகில் அமுக்கம் குறைந்த இடத்தை உண்டாக்குகிறது. உள்ளே அமுக்கம் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் மேலே குறைந்துவிட்டதால் அந்தச் சாதாரணமே தகரத்தைத் தள்ளப் போதும். கதவும் திறந்து கிடந்தால் உள் அமுக்கமும் ஏறிவிடும், இரண்டு பக்கத்து வேலையும் சேர்ந்து ஆணியைப் பிடுங்கும்.

அமுக்க வித்தியாசம் என்றதும் பயங்கரமாக எதையோ நினைக்க வேண்டாம். எயார்பஸ் ஏ320 விமானம் முழுச் சுமையோடு ஏறக்குறைய 78 டன், இறக்கைப் பரப்பு 122 சதுர மீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 640 கிலோ அளவு, அமுக்கமாகச் சொன்னால் கடல் மட்ட வளிமண்டல அமுக்கத்தில் நூற்றுக்கு ஆறு. கொழும்பில் இருந்து கண்டிக்கு ஏறினால் வெளி அமுக்கம் எவ்வளவு குறைகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடுகண்ணாவை ஏற்றத்தில் காது அடைத்து எச்சில் விழுங்குகிறோமே, அந்த வித்தியாசத்தை இறக்கையின் மேலுக்கும் கீழுக்கும் இடையில் வைத்திருந்தால் 78 டன் வானத்தில் நிற்கும்.

அதை வைத்திருக்கத்தான் வேகம் வேண்டும். இங்கே ஒரு கணக்கு முக்கியம், காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டு சதுர மீட்டர்த் தகரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், முதுகில் உறிஞ்சல் காற்றின் முழு அமுக்கத்துக்குச் சமம் என்று தோராயமாக வைப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர்க் காற்று அதை 7 கிலோ விசையில் தூக்கும், பெரிய விஷயம் இல்லை. 60 என்றால் 14 இல்லை, 29. 90 என்றால் 66 கிலோ, ஒரு ஆள் எடை. சும்மா படபடத்துக்கொண்டிருந்த கூரை திடீரென்று ஒரு நொடியில் பிய்ந்து போவது இதனால்தான், காற்றின் வேகம் இரண்டு மடங்குதான் ஆகியிருக்கும், தூக்கல் நான்கு மடங்கு ஆகியிருக்கும். விமானம் ஓடுபாதையில் அவ்வளவு நேரம் ஓடிவிட்டு எழும்பும்போது மட்டும் சட்டென்று எழும்புவதற்கும் காரணம் இதே வர்க்கக் கணக்குத்தான்.

வேகத்துக்கு அடுத்தது சாய்வு. புதுத் தகரம் வாங்கினால் லொறி ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், லயத்துக்கு நாங்கள்தான் தலைக்கு மேல் பிடித்துத் தூக்கி வரவேண்டும். அந்த வழியில் காற்று வீசும் ஒரு முனை உண்டு. தகரத்தைக் காற்றுக்கு நேராகக் கத்தி மாதிரிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தால் சுமை குறைந்த மாதிரி இருக்கும், சுகமாகக்கூட இருக்கும். இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் கால் நிலத்தில் நிற்காது. அதற்கும் மேலே சாய்த்துவிட்டால் தூக்கல் போய்விடும், தகரம் ஆளைப் பின்னால் தள்ளும், தேயிலைத் தூருக்குள் விழுந்து எழும்ப வேண்டியதுதான். (விழுந்திருக்கிறேன். தாடையில் தழும்பு இருக்கிறது.) விமானிகள் தாக்கு கோணம் என்று சொல்வது இந்தச் சாய்வைத்தான். கூடக் கூடத் தூக்கும், சாதாரண இறக்கைக்கு 15 பாகை பக்கம் வந்ததும் முதுகை ஒட்டிப் போன காற்று வளைவைப் பிடிக்க முடியாமல் பிய்ந்து சுழலும், தூக்கல் சரிந்துவிடும். இதற்குப் பெயர் ஸ்டோல். எஞ்சின் நின்றுபோவதை ஸ்டோல் என்று நினைக்கிறவர்கள் நிறைய, எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டோல் ஆகலாம். ஜேர்மனியின் ஒட்டோ லிலியந்தால், கிளைடரில் ஆயிரக்கணக்கான தடவை மிதந்து பழகியவர், 1896 ஆகஸ்டில் இறந்தது இப்படித்தான், மூக்கு மேலே எழும்பி, காற்று பிய்ந்து, 15 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தார்.

முன்னால் இழுக்கும் விசை வேறு, மேலே தூக்கும் விசை வேறு, இரண்டையும் இரண்டு கருவியிடம் கொடுக்க வேண்டும் என்று முதலில் தெளிவாகக் கண்டவர் இங்கிலாந்தின் ஜோர்ஜ் கேலி. 1799இலேயே ஒரு வெள்ளித் தட்டில் அந்த விசைகளைப் படமாக வெட்டி வைத்தார். அதற்கு முன் எல்லோரும் குருவியைப் பார்த்து இறக்கையை அடித்துக்கொண்டிருந்தார்கள், குருவி இரண்டு வேலையையும் ஒரே இறக்கையில் செய்கிறது, நமக்கு அது சரிவரவில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1901இல் சின்னக் காற்றுச் சுரங்கம் ஒன்று செய்து விதம்விதமான இறக்கை வடிவங்களைத் தட்டிப் பார்த்தார்கள், விமானத்தை ஓட்டும் சுழல் விசிறியும் முறுக்கிய ஒரு இறக்கைதான் என்று கண்டுபிடித்தார்கள். அம்பேவலையில் நிற்கிற காற்றாலையின் அலகும் அதே சாதிதான், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டுகிற விசிறியும் அதே சாதிதான், ஒன்று காற்றிடம் இருந்து சக்தியை வாங்குகிறது, மற்றது கொடுக்கிறது. 1903 டிசம்பர் 17இல் அவர்களின் முதல் பறப்பு 12 செக்கன், 120 அடி. எங்கள் லயத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடிந்துவிடும்.

சரி, இனி மலைக்கு வருவோம், ஏனென்றால் இங்கே காற்று இரண்டு விதத்தில் விமானியைச் சோதிக்கும். ஒன்று, மெலிந்த காற்று. நுவரெலியா 1868 மீட்டர், அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதாவது அதே தூக்கலுக்கு நூற்றுக்கு ஒன்பது பத்து வேகம் கூட வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்றும் மெலிந்ததுதான், அதனால் பொதுவாக அதன் பலமும் குறையும், விசிறி பிடித்துத் தள்ளவும் கனமான காற்றுக் கிடைக்காது. மூன்று குறையும் சேர்ந்தால் ஓடுபாதை நீண்டுகொண்டே போகும். கட்டுநாயக்கவில் கடல் மட்டத்திலேயே 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை வைத்திருக்கிறார்கள், நுவரெலியாவில் அப்படி ஒரு தட்டை நிலத்தை எங்கே தேடுவது? ஒரு வேடிக்கை, இதே மெலிந்த காற்றைத் தேடித்தான் பெரிய விமானங்கள் 11 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகின்றன. அங்கே அடர்த்தி கடல் மட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, தடுக்கிற காற்று குறைவு என்பதால் அதே உந்தலில் வேகமாகப் போகலாம். எழும்பும்போது எதிரி, எழும்பிய பிறகு கூட்டாளி.

தட்டை நிலம் இல்லாத ஊருக்குத் தட்டைத் தண்ணீர் உண்டு. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல் விமானம் இறங்குவதை நோர்வூட் பக்கத்து ஆட்கள் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய 1100 மீட்டர் உயரம், காற்று கொழும்பைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிவு, அதோடு தண்ணீரின் இழுவை வேறு. முதலில் மிதவை தண்ணீரை உழுதுகொண்டு மூக்கை உயர்த்திப் போராடும், வேகம் கூடியதும் மிதவை தண்ணீரின் மேல் ஏறி வழுக்கத் தொடங்கும், அதன் பிறகுதான் உண்மையான ஓட்டம். பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் அழகு, விமானிக்குத் தலைவலி. சிற்றலை இருந்தால் மிதவைக்கு அடியில் காற்றுப் புகுந்து விடுபட உதவும், அசையாத தண்ணீர் மிதவையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது இன்னும் மோசம், தண்ணீரில் மலையும் மேகமும்தான் தெரியும், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது சோதனை, மலை காற்றை ஏற்றி இறக்குவது. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேல் காற்று எங்கள் பக்கம் ஏறி, மழையை எல்லாம் மஸ்கெலியா, டிக்கோயாவில் கொட்டிவிட்டு, மறுபக்கம் ஊவா மாகாணத்துக்குக் காய்ந்த காற்றாக இறங்குகிறது. இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் சூடாகும். அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர் பெற்ற வாசம் வருகிறது, பதுளை, வெலிமடைப் பக்கத்துக் காற்றுக்காலத்துக் கொழுந்துக்கு ஏலத்தில் தனி மவுசு. ஆனால் அதே இறங்கு காற்றுக்குள் சின்ன விமானம் ஒன்று மாட்டினால், எஞ்சின் கொடுக்கிற ஏற்றத்தைவிடக் காற்று இறங்குகிற வேகம் அதிகமாக இருக்கலாம். மலை முகட்டுக்குப் பின்னால் காற்று ஆற்றில் கல்லைத் தாண்டிய தண்ணீர் மாதிரி அலையாகப் போகும், அடியில் உருளையாகச் சுழலும். அதனால் மலைநாட்டு விமானிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, முகட்டை நேராகக் குத்தாமல் 45 பாகை சரிவாக அணுகுவார்கள், காற்று கீழே அமுக்கினால் பள்ளத்தாக்குப் பக்கம் உடனே திரும்பி ஓடலாம். ஏறு காற்றுப் பக்கம் இருக்கும் பருந்துக்கு இதெல்லாம் கவலை இல்லை. ஓட்டன் சமவெளியின் உலக முடிவில் நின்று பார்த்தால் ஒரு தடவைகூட இறக்கை அடிக்காமல் அரை மணித்தியாலம் தொங்கிக்கொண்டிருக்கும். அது காற்றுக்குள் கீழேதான் சறுக்குகிறது, காற்று அதைவிட வேகமாக மேலே வருகிறது.

மலை, விமானம் என்று கதைத்தால் எங்கள் பக்கத்தில் பேச்சு 1974க்குப் போகாமல் நிற்காது. அந்த வருடம் டிசம்பர் 4 ராத்திரி, இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாகப் போகவிருந்த நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் தப்பவில்லை. அப்பாயி அதைச் சொல்லும்போதெல்லாம் மலை இழுத்துக்கொண்டது என்றுதான் முடிப்பார். சின்ன வயதில் நம்பினேன், பிறகு இறங்கு காற்றாக இருக்குமோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. இறக்கை ஒழுங்காகத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது, எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கட்டுநாயக்கவுக்கு இன்னும் 70 கிலோமீட்டர்வரை இருக்கும்போது, அதைவிடக் கிட்ட வந்துவிட்டோம் என்று விமானிகள் நினைத்து, மலைக்கு மேலேயே உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். விமானத்தில் இருந்த கருவிகள் காட்டியதை வைத்துத் தாங்கள் நிற்கும் இடத்தைப் பிழையாகக் கணித்ததுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதற்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 1, அமெரிக்காவின் வேர்ஜினியாவில் இன்னொரு விமானம் இதே மாதிரி மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு, நிலம் நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் பூட்டியே ஆகவேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. அந்தக் கருவியின் குரல் அந்த டிசி-8 விமானத்திலும் கேட்டிருந்தால் என்று நினைக்காமல் அந்த மலையைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

கூரைக்குத் திரும்புவோம், ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தகரத்துக்கு மேலே கல் வைக்கும்போது தாத்தா நடுவில் ஒன்றுகூட வைக்கமாட்டார். விளிம்பில் வரிசையாக, மூலையில் இரண்டு, முகட்டில் சில. நடுவில்தானே தகரம் அதிகம் ஆடுகிறது என்று கேட்டதற்கு, "ஆடுறது போவாது, ஓரந்தான் போவும்" என்றார். கட்டடப் பொறியியலாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வீடுகளை வைத்து அளந்து பார்த்ததும் அதையேதான் காட்டுகிறது. காற்று வெட்டித் திரும்புவது விளிம்பில், அதனால் உறிஞ்சல் அதிகம் மூலையிலும் ஓரத்திலும், நடுவில் அதில் பாதிகூட இருக்காது. போன ஆனியில் ஊருக்குப் போயிருந்தபோது கவனித்தேன், கடைசிக் காம்பராவில் இப்போது இருக்கும் பையன் கல்லுக்குப் பதிலாக மண் நிரப்பிய பழைய டயர்களை வைத்திருக்கிறான். எல்லாம் ஓரத்தில்தான்.